தொட்டியில் நிற்பவர்களும் அடியில் படுப்பவர்களும்

(ஆமத்தூரில் இளைஞர்களுக்கான ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சியில் பேசியதன் எழுத்து வடிவம்)



தோழர்கள் எனக்குக் கொடுத்த தலைப்பு ‘சாதியும் தொழில்நுட்பமும்’. கொஞ்சம் பெரிய தலைப்பு. எனக்குத் தெரிந்தது பட்டறை வேலை. அதனால் ஒரு போல்ட்டைப் பற்றிப் பேசிவிட்டு, அப்புறம் வெளியே நிற்கிற வண்டிக்கு உங்களைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று வந்திருக்கிறேன். மேசைமேல் இரண்டு இரும்புத் துண்டுகள் இருக்கின்றன. கைமாற்றிக் கைமாற்றிப் பாருங்கள். கிரீஸ் ஒட்டும். சட்டையில் துடைத்துவிடாதீர்கள், பக்கத்திலேயே பழைய துணி வைத்திருக்கிறேன்.

நீளமாக இருப்பது யூ போல்ட்டின் ஒரு கால். விரல் மொத்தம் இருப்பது சென்டர் போல்ட். இரண்டும் இந்த விருதுநகர் - சிவகாசி சாலையில் ஓடுகிற ஒரு பிக்கப் வண்டியின் பின் அச்சிலிருந்து கழற்றியவை. காலையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு பட்டாசு ஆலைக்குப் போகிற வண்டி.

பிக்கப்பின் பின்பக்கம் குனிந்து பார்த்தால் வில் மாதிரி வளைந்த இரும்புப் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். பட்டைக் கட்டு என்றும் பிளேட் செட்டு என்றும் சொல்வோம். வண்டியின் பின்பாரம் முழுக்க அதன்மேல்தான் நிற்கிறது. எல்லாப் பட்டைகளையும் நடுவில் ஓட்டை போட்டுக் கோத்துப் பிடிப்பது சென்டர் போல்ட். அதன் தலை, அச்சின் மேலிருக்கும் குழியில் போய் உட்காரும். பட்டைக் கட்டையும் அச்சையும் ஒன்றாகச் சேர்த்து இறுக்கிப் பிடிப்பது யூ போல்ட். பக்கத்துக்கு இரண்டு, மொத்தம் நான்கு.

யூ போல்ட்டை ஏதோ கொக்கி மாதிரி மாட்டித் தொங்கவிட்ட சாமான் என்று பலர் நினைக்கிறார்கள். அது வேலை செய்கிற விதம் வேறு. நட்டை முடுக்க முடுக்க அந்தக் கம்பி ரப்பரைப் போல நீள்கிறது. கண்ணுக்குத் தெரியாத அளவுக்குத்தான் நீளும். பழைய அளவுக்குத் திரும்ப வேண்டும் என்று அது இழுக்கிற இழுப்பில்தான் பட்டையும் அச்சும் ஒன்றோடொன்று அழுந்தி, உராய்விலேயே அசையாமல் நிற்கின்றன. நட்டு லேசாகத் தளர்ந்தால் அந்த அழுத்தம் போய்விடும். அப்புறம் ஒவ்வொரு பிரேக்குக்கும் ஒவ்வொரு பள்ளத்துக்கும் அச்சு முன்னும் பின்னும் நகரப் பார்க்கும். அதைத் தடுத்துக்கொண்டு தனியாக நிற்பது இந்த விரல் மொத்த சென்டர் போல்ட். பட்டைகளை வரிசை கலையாமல் பிடித்துவைக்கத்தான் அதைப் போட்டார்கள். டன் கணக்கில் வருகிற பாரத்தைத் தாங்கப் போடவில்லை. அது அறுந்தால் ஒரு பக்கம் அச்சு பின்வாங்கும். வண்டி நேராகப் போகும், பின் சக்கரம் ஒரு ஓரமாக நண்டு நடை நடக்கும். ஸ்டியரிங்கைக் கொஞ்சம் ஒடித்துப் பிடித்தால்தான் நேர்கோட்டில் போகும். பிரேக் ஹோஸ் இழுபடும். வளைவில் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது அந்த ஒடிந்த முகத்தைப் பாருங்கள். பாதி கருத்துப்போய், துரு ஏறி, குளத்தில் கல் போட்டால் வருகிற அலை மாதிரி மெல்லிய கோடுகளோடு இருக்கும். மீதிப் பாதி பளபளவென்று, சீனியை உடைத்தது போல நறநறப்பாக இருக்கும். அந்தப் பளபளப்பு மட்டும்தான் ஒடிந்த அன்றைக்கு உண்டானது. கருத்த பாதி அதற்கு முன்பே, பல வாரங்களாக, ஒருவேளை மாதக் கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாக விரிந்துகொண்டிருந்த விரிசல். வண்டியைக் கொண்டுவந்த ஓட்டுநர் தம்பி, “திடீர்னு ஒடிஞ்சுருச்சுண்ணே” என்றார். அவர் பொய் சொல்லவில்லை. குனிந்து பார்க்கச் சொல்லி அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, அவ்வளவுதான்.

அந்த வண்டியைப் பற்றிச் சொல்கிறேன். காலை ஆறேகால் மணி. தொட்டியில் இருபத்திரண்டு பேர். பெரும்பாலும் பெண்கள். சோற்று வாளியும் தண்ணீர்ப் பாட்டிலுமாக இறங்கி வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்கள். வண்டியின் முன்கண்ணாடியில், சாலையை மறைக்கிற அகலத்துக்கு, ‘ஆண்ட பரம்பரை’ ஸ்டிக்கர். அடியில் போய்ப் படுத்துப் பார்த்தால் நான்கு யூ போல்ட்டில் ஒன்று ஒடிந்து தொங்குகிறது, இன்னொன்றின் நட்டைக் கையாலேயே சுற்றலாம். பரம்பரையைப் பிடித்துக்கொண்டிருந்தது மீதி இரண்டு போல்ட்டுதான்.

இருபத்திரண்டு பேர் என்றதும் அதிகப் பாரம் ஏற்றியதால் ஒடிந்தது என்று நினைப்பீர்கள். கணக்குப் போடுங்கள். ஆளுக்கு ஐம்பத்தைந்து கிலோ வைத்தால் ஆயிரத்து இருநூறு கிலோ சொச்சம். அந்த வண்டிக்கு அது பெரிய பாரமே இல்லை. போல்ட்டைத் தின்றது ஆட்களின் எடை இல்லை. இதே வண்டி, ஆட்களை ஆலையில் இறக்கிவிட்டு, பகல் முழுக்க சிவகாசி அச்சகங்களுக்குப் பேப்பர் லோடு அடிக்கிறது. காலண்டர், டைரி சீசனில் ஒரு நடையில் முடிக்க வேண்டிய லோடு, இரண்டு நடைக்கு உரியது. காகிதம் பார்க்க லேசு, பண்டலாகக் கட்டினால் கல்லை விடக் கனம். அந்தப் பாரத்தோடு கரிசல் காட்டுச் சாலை. மழையில் ஊறி உப்பி, வெயிலில் வெடித்துப் பிளக்கிற மண்மேல் போட்ட தார் எப்படி இருக்கும் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். பேப்பர் தளர்த்திவிட்ட போல்ட்டின்மேல் மறுநாள் காலை மனிதர்கள் ஏறி நிற்கிறார்கள். உயரத்தில் நிற்கிறார்கள் என்பது இன்னொரு சங்கதி. பண்டலைக் கயிறு போட்டுக் கட்டுவார்கள், அது வளைவில் சாயாது. நின்றுகொண்டு வருகிற ஆட்கள் அத்தனை பேரும் வளைவில் ஒரே பக்கம் சாய்வார்கள்.

வண்டிச் சொந்தக்காரருக்குப் போன் போட்டோம். “தம்பி, இப்பதைக்கு ஒரு வெல்டு வச்சு அனுப்புங்க. ஆளுக லேட்டானா ஆலைல சத்தம் போடுவாக. சாயங்காலம் பாத்துக்கிருவோம்” என்றார். முடியாது என்றேன். ஏன் முடியாது என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஏனென்றால் இந்த ‘ஒரு வெல்டு’ உங்கள் ஊரிலும் நடக்கும்.

நல்ல போல்ட்டின் தலையில் 8.8 அல்லது 10.9 என்று பொறித்திருக்கும். இது அளவோ விலையோ இல்லை, பலம். முதல் எண்ணை நூறால் பெருக்கினால் அந்த இரும்பு ஒடியும் அளவு, மெகா பாஸ்கல் கணக்கில். 8 என்றால் 800. புள்ளிக்குப் பின்னால் இருக்கும் எண், அந்தப் பலத்தில் எத்தனை சதவீதம் வரை இழுத்தால் போல்ட் பழையபடி திரும்பும், எதற்குமேல் இழுத்தால் நிரந்தரமாக நீண்டுவிடும் என்பதைச் சொல்கிறது. 8.8இல் எண்பது சதவீதம், அதாவது 640. சாதாரண இரும்புப் போல்ட் 4.6. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரியாது. 8.8க்கும் 10.9க்கும் அந்தப் பலம் வருவது, காய்ச்சி, சட்டென்று குளிரவைத்து, மறுபடி அளவாகச் சூடாக்கிப் பதம் செய்வதால். அதன்மேல் வெல்டிங் ராடை வைத்தால் அந்தப் பதம் போயிற்று. ஒட்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே கண்ணாடி மாதிரி ஒடிகிற ஒரு பகுதி உண்டாகும். பட்டையின்மேல் ஒரு பொறி தெறித்து உருகினாலும் போதும், அடுத்த விரிசல் அங்கிருந்துதான் தொடங்கும்.

நான்கு யூ போல்ட், எட்டு நட்டு, வாஷர், இரண்டு சென்டர் போல்ட், கூலி எல்லாம் சேர்த்து அன்றைக்கு மூவாயிரம் ரூபாய்க்குள் அடங்கிவிட்டது. ஒரு தொழிலாளிக்கு நூற்று நாற்பது ரூபாய் கூட வராது. வேப்பமரத்தடியிலிருந்து ஒரு பெரியம்மா எழுந்து வந்து, “எதுய்யா ஒடிஞ்சது, காட்டு” என்றார். காட்டினேன். கருத்த பாதியையும் வெள்ளைப் பாதியையும் இப்போது உங்களுக்குச் சொன்ன மாதிரியே சொன்னேன். பத்து வருடமாக இந்த மாதிரி வண்டியில் போகிறாராம், ஒருவரும் அவருக்கு வண்டியின் அடியைக் காட்டியதில்லை. மற்றவர்களையும் கூப்பிட்டார். அன்றைக்கு வெல்டு வைத்து அனுப்பியிருந்தாலும் ஏற மாட்டோம் என்று அவர்களே ஓட்டுநரிடம் சொல்லிவிட்டார்கள். சொந்தக்காரர் பணம் அனுப்பினார். வேலை முடியப் பதினொரு மணி தாண்டியது. எண்ணிக்கைக் கூலி வாங்குகிறவர்கள் அவர்கள். அந்த அரைநாள் கூலியை ஆலையும் தரவில்லை, வண்டிக்காரரும் தரவில்லை. வெற்றி என்று இதைச் சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது.

ஏறியிருந்து, வண்டி கவிழ்ந்திருந்தால்? பட்டாசு ஆலையில் வெடிவிபத்து நடந்தால் நாட்டுக்கே தெரிகிறது. 2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டி, 2021 பிப்ரவரி 12 அச்சன்குளம். இந்தத் தேதிகளை நம் மாவட்டத்தில் சின்னப் பிள்ளைகளும் சொல்லும். அமைச்சர்கள் வருகிறார்கள், நிவாரணம் அறிவிக்கிறார்கள், லைசென்ஸ் ரத்தாகிறது, உள்குத்தகை பற்றித் தலையங்கம் எழுதுகிறார்கள். ஆலைக்குப் போகிற வழியில் சரக்கு வண்டி கவிழ்ந்தால் அது ‘சாலை விபத்து’. ஓட்டுநர்மேல் வழக்கு. அதோடு முடிந்தது.

சட்டம் என்ன சொல்கிறது என்று கொஞ்சம் பாருங்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டப்படி, அனுமதித்த எடைக்கு மேல் சரக்கு ஏற்றினால் அபராதம் 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் இன்னும் 2,000. அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் ஆள் ஏற்றினால், கூடுதலான தலைக்கு 200 ரூபாய். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றியதற்குப் பெர்மிட் மீறல் என்று தனியாக வழக்குப் போடலாம், போடுவதும் உண்டு. ஆனாலும் ஒரு டன் பேப்பருக்கும் ஒரு தலைக்கும் சட்டம் போட்டிருக்கிற விலையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இன்சூரன்ஸ் அதை விட மோசம். சரக்கு வண்டியில் ஏறிவரும் பயணி இறந்தால் காப்பீட்டு நிறுவனம் இழப்பீடு தரப் பொறுப்பில்லை என்று 2002 டிசம்பரில் ஆஷா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சரக்கின் சொந்தக்காரர் கூடவே வந்தால் அவருக்குப் பாதுகாப்பு உண்டு. வண்டிச் சொந்தக்காரரிடம் வேலை செய்கிற லோடுமேனுக்கும் ஒரு வழி இருக்கிறது. நம் பெரியம்மா யார்? சரக்கின் சொந்தக்காரர் இல்லை. வண்டிக்காரரிடமும் அவர் வேலை செய்யவில்லை, ஆலையில்தான் வேலை. ஆலை அந்த வண்டியை வாடகைக்குப் பேசியிருக்கிறது, அதுவும் எழுத்தில் இருக்காது. வேலைக்குப் போய் வருகிற வழியில் நடக்கும் விபத்தையும் வேலையில் ஏற்பட்ட காயமாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று 2010இல் இஎஸ்ஐ சட்டத்தில் 51இ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். நல்ல பிரிவு. அதைப் பயன்படுத்த ஆலைப் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். உள்குத்தகைக்கு விட்ட ஷெட்டில் யாருடைய பெயர் எந்தப் பதிவேட்டில் இருக்கிறது?

இது புதுப் பிரச்சினையும் இல்லை. தீப்பெட்டி ஆலைகள் விடிவதற்கு முன்பே ஊர் ஊராகப் பஸ் அனுப்பி, தூங்குகிற பிள்ளைகளை எழுப்பி ஏற்றிக்கொண்டு போன காலம் ஒன்று இருந்தது. உங்கள் அம்மா வயதுக்காரர்களைக் கேளுங்கள், அந்தப் பஸ்ஸின் ஹாரன் சத்தத்தை இன்னும் சொல்வார்கள். 1976இல் அப்படிப் பிள்ளைகளை ஏற்றிப்போன ஆலைப் பஸ் விபத்தில் குழந்தைகள் செத்தபிறகுதான் ஹர்பன்ஸ் சிங் குழுவை அரசு அமைத்தது. அதற்கும் இருபது வருடம் கழித்து, 1996 டிசம்பரில், எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. பிள்ளைகள் பெருமளவுக்குப் பள்ளிக்கூடம் போய்விட்டார்கள். அந்தப் பஸ் போன இடத்துக்குப் பிக்கப் வந்திருக்கிறது, ‘குட்டியானை’ வந்திருக்கிறது. ஏறுகிற தெருக்கள் மாறியிருக்கின்றனவா என்று யோசித்துப் பாருங்கள்.

‘தெரு’ என்று சொன்னதும் சிலர் சிரித்தீர்கள். நம் பக்கத்தில் ‘தம்பி எந்த ஊரு’ என்று கேட்டால் அது ஊர் விசாரிப்பு. ‘எந்தத் தெரு’ என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும்.

நான் வேலை பழகிய பட்டறையில் - பெயர் வேண்டாம், அவர்களும் பிழைக்கட்டும் - முதல் நாளே அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். பையன்கள் நான்கு பேர். ஒரே வயது, ஒரே சம்பளம். இன்ஜின் பிரித்தால், ‘அந்தத் தம்பி வரட்டும்’ என்று ஒருவனைக் கூப்பிடுவார்கள். கியர் பாக்ஸுக்கு இன்னொருவன். எனக்கு எப்போதும் அடிவேலை. சக்கரம் கழற்றுவது, கிரீஸ் அடிப்பது, சாக்கிள் பின் தட்டுவது, மழைக்காலத்தில் சேறு சொட்டச் சொட்ட அச்சுக்கு அடியில் மல்லாக்கப் படுப்பது. டீ கிளாஸ் எனக்கு மட்டும் ஜன்னல் திண்டில் இருக்கும். டார்க் ரெஞ்ச் என்று ஒன்று அலமாரியில் பூட்டியிருந்தது. அதை நான் தொடவே மூன்று வருடம் ஆயிற்று. நட்டை எவ்வளவு முடுக்க வேண்டும் என்று கேட்டால், “கைக்குத் தெரியும்ல” என்பார்கள். யாருடைய கைக்கு?

மேடையில் அச்சாணி என்ற வார்த்தை வந்தால் உடனே குறள் வந்துவிடும். நான் அந்த ஆணியை அடித்த கையைப் பற்றிப் பேசுகிறேன். மாட்டுவண்டிக் காலத்தில் இரும்பு யார் கையில் இருக்க வேண்டும், மரம் யார் கையில், தோல் யார் கையில் என்று பிறப்பிலேயே எழுதிவைத்தார்கள். சாதி வேலையைப் பிரிக்கவில்லை, வேலை செய்கிறவர்களைப் பிரித்து ஒருவர்மேல் ஒருவராக அடுக்கியிருக்கிறது என்று 1936இல் அண்ணல் எழுதினார். மோட்டார் வந்தபோது அந்தப் பட்டியலில் அதற்கு இடமே இல்லை. மனு எழுதும்போது பொலிரோ கிடையாது. மெக்கானிக் என்று ஒரு சாதி இல்லை. அப்படி ஒரு திறந்த வாசல் கிடைத்தும், பட்டறைக்கு உள்ளேயே மேல்வேலை, அடிவேலை என்று ஒரு கோடு போட்டுவிட்டார்கள்.

நம் மாவட்டத்துக்கு இதில் தனி வரலாறு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தப் பக்கத்து நாடார் வணிகர்கள், ஊருக்குள்ளும் கோயிலுக்குள்ளும் விடாத காலத்தில், விருதுநகர், சிவகாசி, சாத்தூர், அருப்புக்கோட்டை என்று ஊர் ஊராகப் பேட்டைகள் கட்டினார்கள். வண்டியும் மாடும் சரக்கும் பத்திரமாக இரவு தங்கச் சுவர் எழுப்பிய இடம் அது. சரக்குக்கு இவ்வளவு என்று மகமை வசூலித்துப் பொதுவில் போட்டார்கள். அந்த மாதிரிச் சேர்த்த பணத்தில் பள்ளிக்கூடங்கள் வந்தன. விருதுநகர் சத்திரிய வித்தியாசாலை 1889இல் தொடங்கியது. பத்து வருடம் கழித்து, 1899இல், சிவகாசியில் அவர்களுடைய வீடுகளைக் கொளுத்திச் சூறையாடினார்கள். ஒரு வண்டி பத்திரமாக ஊர் போய்ச் சேருவது எத்தனை பெரிய அரசியல் என்று அந்தத் தலைமுறைக்குத் தெரிந்திருந்தது. இன்றைக்கு அதே சாலையில் நம் ஆட்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்று போகிறார்கள். ஒரு சாதியைக் குறைசொல்ல இதைச் சொல்லவில்லை. வண்டியும் ஆலையும் எல்லாச் சாதிக்காரர்களிடமும் இருக்கின்றன. மகமையைப் போல நாமும் ஒரு பொதுப் பணம் சேர்த்தால் என்ன என்று கேட்கத்தான் சொல்கிறேன். ஆளுக்கு மாதம் இருபது ரூபாய் போட்டால் ஒரு தெருவில் ஒரு டார்க் ரெஞ்சும் இரண்டு ஸ்டாண்டும் வாங்கிவிடலாம்.

அந்தச் சத்திரிய வித்தியாசாலையில் படித்தவர்தான் காமராசர். 1953இல் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தில் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் அரைநேரம், மீதி நேரம் அப்பனுடைய தொழில். குலக்கல்வி என்று பெரியார் அதைத் தெருவுக்கு இழுத்தார். ராஜாஜி பதவி விலகினார். 1954 ஏப்ரலில் முதலமைச்சரான காமராசர் அடுத்த மாதமே அதைக் கைவிட்டார். நல்லது. ஆனால் 2023 செப்டம்பரில் விஸ்வகர்மா திட்டம் என்று ஒன்றிய அரசு பதினெட்டுத் தொழில்களைப் பட்டியல் போட்டு, குடும்ப வழித் தொழில் செய்கிறவர்களுக்கு என்று மறுபடி கொண்டுவந்தது. இப்படியே நடைமுறைப்படுத்த முடியாது என்று 2024 நவம்பரில் தமிழ்நாடு சொல்லிவிட்டது. குடும்பத் தொழில் நிபந்தனை இல்லாமல் கலைஞர் கைவினைத் திட்டம் வந்தது. சுத்தியல் பிடிக்க யார் மகன் என்று பார்க்க வேண்டியதில்லை என்பது சின்ன விஷயம் இல்லை.

இங்கே ஒரு தோழர் நேற்றே என்னிடம் சண்டை போட்டார். “அண்ணே, நம்ம பிள்ளைக படிச்சு மேல வரணும்னு பேசிக்கிட்டிருக்கோம். நீங்க திரும்ப வண்டிக்கு அடியில படுக்கச் சொல்றீங்களே?” நியாயமான கேள்வி. கையால் செய்கிற வேலையில் ஒரு புனிதம் இருக்கிறது என்று சொல்கிற ஆள் நான் இல்லை. என் முதுகைக் கேட்டால் தெரியும். யாரும் மெக்கானிக் ஆக வேண்டும் என்று சொல்லவும் வரவில்லை. அம்பேத்கர் 1942இல் வைஸ்ராய் லின்லித்கோவிடம் கொடுத்த கோரிக்கை மனுவை எடுத்துப் படியுங்கள். அரசு வேலை, மேல்படிப்புக்கு உதவித்தொகை என்று கேட்கிற அதே மனுவில், நம் இளைஞர்களை அரசு அச்சகங்களிலும் ரயில்வே பட்டறைகளிலும் தொழில் பழகச் சேர்க்க வேண்டும் என்றும் கேட்கிறார். வெளிநாட்டில் இரண்டு டாக்டர் பட்டம் வாங்கியவர் ரயில்வே பட்டறையைக் கேட்கிறார். இந்தச் சமூகத்துக்குப் பழக்கமான வேலையையா கேட்டார்? உள்ளே விடாத வேலையைக் கேட்டார்.

அடியில் படுத்து, சொன்ன இடத்தில் சொன்ன நட்டைக் கழற்றுவது அடிவேலை. இந்த நட்டு எவ்வளவு இழுவிசை தாங்கும், ஏன் தாங்கும், எப்போது வண்டியை ஓட்டக் கூடாது என்று தெரிந்து, எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவது வேறு. அந்தக் காலையில் அந்த இருபத்திரண்டு பேருக்கும் எனக்கும் இருந்த சொந்தம் என்ன? நான் அடியில் படுத்திருந்தேன், அவர்கள் தொட்டியில் நின்று வந்தார்கள். இரண்டு பக்கமும் ஒரே தெருக்காரர்கள்தான். நடுவில் இருந்த இந்த இரும்பைப் பற்றி இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் தெரிந்துகொண்டதால்தான் வண்டி நின்றது.

சரி, வேலைக்கு வருவோம். ஏறுவதற்கு முன் பார்க்க வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன், இதற்கு ஸ்பேனரே வேண்டாம். வண்டிக்குப் பின்னால் பத்தடி தள்ளி நின்று பாருங்கள். தொட்டி ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதா? பின் சக்கரத்துக்கும் மட்காடுக்கும் உள்ள இடைவெளி இரண்டு பக்கமும் ஒரே அளவா? குனிந்து, யூ போல்ட் நட்டைச் சுற்றிப் பாருங்கள். செம்மண் பொடி மாதிரித் துரு வழிந்திருந்தால் அந்த நட்டு அசைகிறது என்று அர்த்தம். பட்டைக்கும் அச்சுக்கும் நடுவில் பளபளவென்று தேய்ந்த கோடு தெரிந்தாலும் அதேதான். போனில் ஒரு படம் எடுத்து, தேதியோடு தெரு குழுவில் போட்டுவிடுங்கள். இரண்டு வாரம் போட்டால் போதும், ஃபோர்மேன் தானே விசாரிப்பார்.

மாற்றுகிற வேலை. ஒன்று ஒடிந்திருந்தாலும் நான்கையும் மாற்ற வேண்டும், எட்டு நட்டும் புதிது. ஒரு முறை முழுதாக முடுக்கிய யூ போல்ட்டின் மரை நீண்டிருக்கும், அதைத் திரும்பப் போடுகிறவனுக்குத்தான் மரை கழண்டிருக்கிறது என்று அர்த்தம். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, முன்சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, ஜாக்கியில் தூக்கியதும் சேஸிக்கு ஸ்டாண்டு கொடுக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகிறவர் எவ்வளவு பெரிய மேஸ்திரியாக இருந்தாலும் காலைப் பிடித்து வெளியே இழுத்துவிடுங்கள். அச்சைத் தனியாக இன்னொரு ஜாக்கி தாங்க வேண்டும். சென்டர் போல்ட்டைக் கழற்றும் முன் பட்டைக் கட்டைக் கிளாம்ப் போட்டுப் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பட்டை எகிறும்.

துருப் பிடித்த நட்டு வராது. டீசல் ஊற்றி ராத்திரி முழுக்க ஊறவிடலாம். அதற்கும் வராவிட்டால் மற்ற ஊரில் கேஸ் கட்டிங் வைப்பார்கள், கிரைண்டர் வைப்பார்கள். நம் ஊரில் அதற்கு முன் ஒரு கேள்வி கேட்க வேண்டும். இந்த வண்டி பட்டாசோ மருந்தோ ஏற்றியதா? தொட்டியின் பலகை இடுக்கில் அலுமினியப் பொடியும் கந்தகமும் கலந்து ஒரு பிடி இருந்தால் போதும், ஒரு பொறி. நன்றாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவாமல் எந்த வண்டியின்மேலும் கிரைண்டர் வைக்க மாட்டேன். முடிந்தவரை ஆக்ஸா பிளேடில் அறுப்பதுதான். நேரம் பிடிக்கும், கை வலிக்கும். தீயும் வராது, பட்டையின் பதமும் கெடாது.

புதுப் போல்ட்டை மாட்டும்போது சென்டர் போல்ட்டின் தலை குழியில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று விரல் விட்டுப் பாருங்கள். ஒரு நட்டை முழுக்க முடுக்கிவிட்டு அடுத்ததுக்குப் போகக் கூடாது. குறுக்கு மறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக. கடைசி முடுக்கு, வண்டியைத் தரையில் இறக்கிப் பாரம் பட்டையில் ஏறிய பிறகு, மேனுவலில் போட்டிருக்கிற நியூட்டன் மீட்டர் அளவுக்கு, டார்க் ரெஞ்சில். ஒரு நூறு, இருநூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி அதே அளவுக்குப் பார்க்க வேண்டும், புதுப் போல்ட் உட்கார்ந்து கொஞ்சம் தளர்ந்திருக்கும். இந்த இரண்டாவது முடுக்குக்குத்தான் வண்டிக்காரர்கள் வரவே மாட்டார்கள். அதனால் பில்லிலேயே தேதி எழுதிக் கொடுங்கள், ஒரு நகல் தொட்டியில் வருகிறவர்களிடமும் இருக்கட்டும்.

வெளியே வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, சாக்கு விரித்து வைத்திருக்கிறேன். இடது பக்கம் போல்ட் நேற்றே ஊறிவிட்டது. வளையல், செயின், துப்பட்டா, கைக்கயிறு எல்லாவற்றையும் கழற்றி இந்த மேசையிலேயே வைத்துவிடுங்கள். எந்த நிறக் கயிறாக இருந்தாலும் சரி, சுற்றுகிற இரும்பில் மாட்டினால் கையோடு போய்விடும். பாக்ஸ் ஸ்பேனர் இரண்டுதான் இருக்கிறது, அதனால் இரண்டிரண்டு பேராக வாருங்கள். பெண்கள் முதலில்.